ஒரு வாரத்துக்கு ஒரு தப்பு

எங்கள் ஆங்கில சாரிடம் சிவப்பு மைப் பேனா கிடையாது. சட்டைப் பையில் இருப்பது பின்பக்கம் ரப்பர் வைத்த ஒரு பென்சில்தான். கட்டுரை நோட்டைத் திருத்தும்போது, தப்பு இருக்கிற வரிக்கு நேராக மார்ஜினில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். சொல்லுக்கு அடியில் கோடு போட மாட்டார், பெருக்கல் குறி போட மாட்டார், சரியானது எது என்று மேலே எழுதியும் தர மாட்டார். அந்த வரியில் ஏதோ இருக்கிறது, நீயே தேடிப் பிடி என்று அர்த்தம். பிடித்துத் திருத்திக் கொண்டுபோய்க் காட்டினால் ரப்பரால் புள்ளியை அழித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தருவார். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயரே 'புள்ளி சார்'தான். போன தை மாதம் அவர் காலமானபோது வெளியூரிலிருந்து போன் செய்த பழைய மாணவர்கள் பலரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரித்தார்கள்.

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி அது. ஒன்பதும் பத்தும் அவரிடம் படித்தேன். பிறகு நானும் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகி, வட மாவட்டத்தில் சில வருஷம் இருந்துவிட்டு, கலந்தாய்வில் மாறுதல் வாங்கி அதே பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். அவர் ஓய்வு பெறும் வரை பக்கத்து மேசை. ஸ்டாஃப் ரூமில் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டு வாங்க, போங்க போடுவார். கேட்டைத் தாண்டியதும் 'ஏம்மா, இங்க வா' ஆகிவிடும். மாணவியாக இருந்தபோது அவர் நல்ல சார் என்று மட்டும்தான் தெரியும். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிந்தது, நானே சாக்பீஸ் பிடித்த பிறகு.

அந்தப் புள்ளி எல்லாத் தப்புக்கும் விழாது. ஒரு வாரத்துக்கு ஒரு தப்பு என்பது அவர் கணக்கு. திங்கட்கிழமை காலையில் கரும்பலகையின் வலது மூலையில் அந்த வாரத்துத் தப்பை எழுதிவிடுவார். 'ஹி கோ', 'ஷி கம்' என்று எஸ் விட்டுப்போவது ஒரு வாரம். 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று 'இஸ்' இல்லாமல் எழுதுவது ஒரு வாரம். 'டிட் நாட் வென்ட்' ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க அந்த ஒன்றுக்கு மட்டும்தான் புள்ளி. மற்றதெல்லாம் கண்ணில் பட்டாலும் தாண்டிப் போய்விடுவார். 'ரிசீவ்' என்ற சொல்லுக்கு ஐ முன்னால் வருகிறதா இ முன்னால் வருகிறதா என்ற தகராறெல்லாம் அவர் எஸ் வாரத்தில் சட்டையே செய்ய மாட்டார்.

இதன் அருமை வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள், அப்படி மூன்று நான்கு பிரிவுகள். ஒவ்வொரு நோட்டிலும் எல்லாத் தப்பையும் சுழித்துக்கொண்டிருந்தால் ராத்திரி பதினொன்றுக்கும் முடியாது. முடித்துத் தந்தாலும் பிள்ளை பார்ப்பது கடைசியில் உள்ள மதிப்பெண்ணையும் கையெழுத்தையும்தான். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும் நோட்டை எந்தப் பிள்ளையும் இரண்டாவது தடவை திறப்பதில்லை. சாரின் புள்ளி நோட்டைத் திறக்க வைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் புள்ளியையும் அழித்தவன் பெயர் பலகையில் வரும். அதில் கடைசி பெஞ்ச்காரன் பெயரும் வரும். ஏனென்றால் ஒரே ஒரு தப்பைப் பிடிக்க அவனாலும் முடியும்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு இது பிடித்ததே இல்லை. ஒரு தடவை ஓர் அதிகாரி வந்து கட்டுரை நோட்டுகளை அள்ளிப் போட்டுப் பார்த்தார். 'பக்கத்துக்குப் பத்துத் தப்பு இருக்கு, ஒண்ணைக்கூடத் திருத்தலை, பென்சில்ல புள்ளி வச்சு விளையாடுறீங்களா?' என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது. சார் ஒரு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாரமும் பென்சிலையே எடுத்தார். பெற்றோர்களும் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் பொறுமையாக, 'இந்த வாரம் வேற தப்பு, அது அடுத்த மாசம் வரும், எழுதி வச்சிருக்கேன்' என்பார்.

எழுதி வைத்திருந்தது உண்மை. லாங் சைஸ் நோட்டு ஒன்று அவர் மேசை டிராயரில் எப்போதும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நோட்டு. நாங்கள் அதைத் தப்பு நோட்டு என்போம். ஒரு பக்கம் பிள்ளை எழுதியது. எதிர்ப்பக்கம், அதை எழுதும்போது அந்தப் பிள்ளை மனசில் என்ன ஓடியிருக்கும் என்று இவருடைய ஊகம். 'மை ஃபாதர் ஃபார்மர்' என்பதற்கு எதிரே 'எங்க அப்பா விவசாயி. தமிழுக்கு நடுவில் வினை வேண்டாம்' என்று இருக்கும். 'ஐ கேம் பை வாக்' என்பதற்கு எதிரே 'பை பஸ், பை ட்ரெயின் சொல்லிக் கொடுத்தது நாம். பையன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.' கோ என்பதோடு இ.டி. சேர்த்துக் 'கோ-எட்' என்று எழுதிய ஒரு பிள்ளைக்கு எதிரே 'விதி தெரியும். விலக்கு தெரியாது. நல்ல பெண்' என்று குறித்திருந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் லீவ் லெட்டர் பக்கம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' தெரியும். கல்யாணத்துக்குப் போனாலும், காது குத்துக்குப் போனாலும், நடவுக்கு ஆள் இல்லை என்று வயலில் இறங்கினாலும் கடிதத்தில் காய்ச்சல்தான். ஒரு எட்டாம் வகுப்புப் பையன் அந்த மனப்பாடத்தை விட்டுவிட்டு, 'மை க்ராண்ட்மதர் டெட். ஐ க்ரை. டுமாரோ ஐ நாட் கம்' என்று எழுதிக் கொடுத்திருந்தான். சார் அந்தக் காகிதத்தையே நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். 'மூணு வாக்கியம், மூணுலயும் தப்பு, ஆனா இந்த வருஷம் எனக்கு வந்த லீவ் லெட்டர்ல இங்கிலீஷ்ல எழுதினது இவன் ஒருத்தன்தான்' என்றார் ஸ்டாஃப் ரூமில். அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் என்ன சொல்லிக் கொடுத்தார் என்றால், 'டெட்'டுக்கு முன்னால் 'இஸ்' மட்டும்தான். அழுததை அப்படியே விட்டுவிட்டார்.

பிற்பாடு அஞ்சல் வழியில் மேற்படிப்பு படித்தபோது, பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரை ஒன்று பாடமாக வந்தது. மொழி கற்பவன் செய்யும் பிழை அவன் மனசுக்குள் ஓர் இலக்கணத்தைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு அடையாளம், அதைக் களை மாதிரி பிடுங்கிப் போடாமல் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிழை ஆய்வு என்று ஒரு துறையே அதிலிருந்து கிளம்பியது. நான் கட்டுரையைக் கொண்டுபோய்ச் சாரிடம் காட்டினேன். உட்கார்ந்து முழுக்கப் படித்தார். 'நல்லாதான் எழுதியிருக்காரு. நோட்டு போட்டாரான்னு சொல்லலையே' என்றார்.

அவர் படிக்காதவர் இல்லை. ஹார்ன்பியின் அகராதியை அட்டை பிய்ந்து தைத்து வைத்திருந்தார். அந்த அகராதி முதலில் வந்தது லண்டனில் இல்லை, ஜப்பானில், 1942இல், அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் ஜப்பானியப் பிள்ளைகளுக்காகச் செய்தது என்பதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வார். இரண்டாயிரம் சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட்ட மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர் என்பார். இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள் முன்னால் நின்று தவித்தவர்கள்தான் நமக்கு உதவுகிற புத்தகங்களை எழுதியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. ரென் அண்ட் மார்ட்டின் மேல் மட்டும் அவருக்கு ஒரு இளக்காரம் உண்டு. ரென் நாவல் எழுதிப் பேர் வாங்கினவர், இலக்கணத்திலும் கொஞ்சம் கதை விட்டிருக்கலாம் என்று சிரிப்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சந்தேகம் வந்தால் நான் இன்றைக்கும் ரென் அண்ட் மார்ட்டினைத்தான் புரட்டுகிறேன்.

வகுப்பில் அவர் குரல் குறைவாகத்தான் கேட்கும். ஆங்கில வாத்தியார் என்றால் நாற்பத்தைந்து நிமிஷமும் ஆங்கிலத்தில் முழங்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது வாயைத் திறக்கும் வரை திரும்ப மாட்டார். முதலில் முன்வரிசைக் கெட்டிக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கை தெரியாதல்லவா? கொஞ்ச நேரத்தில் அவர்களும் சலித்துக் கையை இறக்கிவிடுவார்கள். அப்புறம்தான் நடுவிலிருந்து ஒரு குரல் வரும், பாதி வாக்கியமாக. அதை அப்படியே வாங்கி மீதிப் பாதியை இன்னொருவரிடம் கேட்பார். ஆசிரியப் பயிற்சியில் 'விடைக்குக் காத்திருத்தல்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை இவ்வளவு பிடிவாதமாகச் செய்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

அவர் பயிற்சி பெற்றது வாக்கிய அமைப்பு முறையில். அப்போது ஆங்கிலப் பாடமே எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்திய வாக்கிய அமைப்புகளாகத்தான் இருந்தது. பலகையில் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் ஆள், இரண்டாவதில் வினை, மூன்றாவதில் பொருள் என்று எழுதி, எதை எதோடு சேர்த்தாலும் சரியான வாக்கியம் வரும்படி செய்வார்கள். பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். நடுவில் ஒரு வருஷம் பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே என்.எஸ்.பிரபு என்பவர் 1979இலிருந்து ஐந்து வருஷம் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். இலக்கணத்தைச் சொல்லித் தராமல், ரயில் அட்டவணை, ஊர் வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொல்வது. பிள்ளையின் கவனம் விடை மேல் இருக்கும்போது மொழி தன்னால் உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் எண்ணம். சார் அதை முழுக்க நம்பவில்லை. கட்டம் போடுவதையும் விடவில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து வந்த ஜூன் மாதம் ஒரு காரியம் செய்தார். அதைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

டெல்டாவில் ஜூன் மாதம் என்றால் பள்ளிக்கூடம் திறப்பது மட்டும் இல்லை, மேட்டூர் திறப்பதும். வழக்கமான தேதி ஜூன் 12. அன்றைக்குத் தண்ணீர் விட்டால் குறுவை உண்டு, விடாவிட்டால் சம்பாவை நம்பிக் கிடக்க வேண்டும். ஆங்கில நாளிதழில் தினமும் அணை நிலவரம் நாலு வரியில் வரும். சார் அந்த நாலு வரியை வெட்டி எடுத்துவந்து, வகுப்பில் ஒருவரை வாசிக்கச் சொன்னார். நீர்மட்டம் இத்தனை அடி, முழு அளவு 120 அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. அவ்வளவுதான் பாடம். பக்கத்தில் ஒருவன் நேற்றைய துண்டை வைத்திருப்பான். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, எவ்வளவு? ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'ஹையர் தேன் எஸ்டர்டே' என்பதை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கற்கவில்லை, மேட்டூரில்தான் கற்றேன். 'ஸ்டுட் அட்' என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதே, தண்ணீர் எப்படி நிற்கும் என்று ஒருத்தி கேட்டாள். 'உங்க வயல்ல நிக்கலையா?' என்றார் சார்.

வீட்டில் போய் அப்பாவிடம் சொல்வோம். தமிழ்ப் பத்திரிகையில் அவர் டீக்கடையில் படித்திருப்பார்தான். ஆனாலும் பெண் ஆங்கிலப் பேப்பரைப் பார்த்து வரத்து கூடியிருக்கிறது என்று சொன்னால் அதற்கு ஒரு தனி மதிப்பு. ஆடி பிறப்பதற்குள் வகுப்பில் எல்லோருக்கும் அந்த நாலு வரியின் நடை பழகிவிடும். எண் மட்டும்தானே மாறுகிறது. ஒரு நாள் அந்த நடையை மாற்றிப் பத்திரிகைக்காரர் வேறு மாதிரி எழுதிவிட்டால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததும் இதுவும் ஒன்றுதான், கட்டத்தைப் பத்திரிகைக்காரனே போட்டுத் தருகிறான் என்பார்.

அவரோடு எனக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. வருஷத்தின் முதல் வாரம் எப்போதும் எஸ் வாரம். ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு எஸ். அமெரிக்காவில் டூலே, பர்ட் என்ற இருவர் 1974இல் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் சீனம் பேசும் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வில், இந்த எஸ் கடைசியில்தான் படிகிறது என்று வந்தது. தாய்மொழி எதுவானாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எதற்கு அதை ஜூன் மாதமே தொட வேண்டும், 'இஸ்' விட்டுப்போவதை முதலில் வையுங்கள் என்று நான் வாதாடுவேன். 'கடைசியில வரும்னா சீக்கிரம் ஆரம்பிக்கணுமா, லேட்டா ஆரம்பிக்கணுமா டீச்சர்?' என்று திருப்பிக் கேட்பார். இது வாதத்துக்கு நன்றாக இருக்கிறதே தவிர சரி என்று எனக்கு இன்றும் படவில்லை. என் வகுப்பில் 'இஸ்'தான் முதலில்.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். சாருக்கு மேடையில் ஆங்கிலம் பேச வராது. ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து யாராவது வந்து ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் வியர்த்துவிடும். வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் திருவல்லிக்கேணியில் ஆங்கில வாத்தியாராக இருந்து, வெள்ளைக்காரர்களே வாய் பிளக்கும்படி பேசினவர். எங்கள் மாவட்டத்துக்காரர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, 'எனக்கு அவர் ஊர்க் காத்துகூட அடிக்கலை' என்பார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். கம்ப்யூட்டர் அறைக்குள் கால் வைக்கவில்லை. நல்லாசிரியர் விருதுக்கு எழுதிப் போடுங்கள் என்று நாங்கள் படிவம் நிரப்பிக் கொண்டுபோனால், 'என்னைப் பத்தி நானே எழுதணுமாம், இங்கிலீஷ்ல பாசிவ் வாய்ஸ் எதுக்கு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது' என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் அவரைப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் அரசாங்கம் கொடுத்த சிவப்பு மை. அப்போது பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் இரண்டு தாள் (2019-20இல்தான் ஒன்றாக்கினார்கள்). காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, ஏப்ரல் வெயில், ஓடாத மின்விசிறி. சீக்கிரம் முடித்துப் பஸ் பிடிக்க எல்லோருக்கும் அவசரம். சார் முதன்மைத் தேர்வாளராக இருக்கும் அறையில் முப்பதைத் தாண்டி முப்பத்தைந்தைத் தொடாமல் நிற்கும் தாள்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றை வரிவரியாகப் படிப்பார். இல்லாத மதிப்பெண்ணைப் போடுகிற ஆள் இல்லை அவர். ஆனால் ரோடு மேப் கேள்விக்கு 'கோ ஸ்ட்ரெய்ட், கட் லெஃப்ட்' என்று எழுதியிருந்தால், வழி சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் போய்ப் பார்ப்பார். போய்ச் சேர்ந்தால் மதிப்பெண் உண்டு. 'டர்ன்' என்று எழுதவில்லையே என்று ஓர் இளைஞர் கேட்டபோது, 'ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டானா இல்லையா?' என்றார்.

அந்த அறையில் ராமானுஜன் கதையும் வருஷம் தவறாமல் வரும். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1904இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். ஆங்கிலத்தில் தோற்றதால் உதவித்தொகை போயிற்று. 'கணக்கு வாத்தியார் யாரும் அவரை ஃபெயில் பண்ணலை. பண்ணினது நம்ம டிபார்ட்மென்ட்' என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுப்பார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதைதான். இருந்தாலும் அதற்குப் பிறகு யாரும் தாளை வேகமாகப் புரட்ட மாட்டார்கள்.

முப்பத்தைந்தின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கவனம் என்பது எனக்கு அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் பிடிபட்டது. எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகாத வீடு குறைவு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று பதிவாகும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அலுவலகத்தில் தனியாக அனுமதி பெற வேண்டும். படிக்காதவர்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று போட்ட சட்டம்தான். ஆனால் நடப்பில் அந்த அனுமதியை 'நான் முடிச்சுத் தர்றேன்' என்று சொல்லி இடைத்தரகர் ஒருவர் காசு பார்ப்பார். பத்தாவது தேறியவருக்கு அந்த வேலையே இல்லை. ஆங்கிலத்தில் ஐந்து மதிப்பெண் குறைந்தால் ஒரு பையனுக்கு எவ்வளவு பணம் செலவு என்று சார் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அதனால்தான் ஜனவரி பிறந்ததும் கட்டம், மேட்டூர், புள்ளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, மெல்லக் கற்போருக்கான சாயங்கால வகுப்பில் உட்கார்ந்துவிடுவார். மனப்பாடப் பாட்டு, படிவம் நிரப்புதல், கடிதத்தின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி, இவற்றை எழுதினாலே இத்தனை மதிப்பெண் என்று பச்சையாகச் சொல்லிக் கொடுப்பார். கல்வியாளர்கள் திட்டுகிற அதே வேலைதான். சாருக்கு அதில் வெட்கமே கிடையாது.

பணி நிறைவு வருஷ நடுவில் வந்ததால் மே மாதக் கடைசி வரை மறுநியமனத்தில் பாடம் எடுத்தார். ஜூன் மாதத்திலிருந்து வீட்டுத் திண்ணை. டியூஷன் எடுக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள், மறுத்துவிட்டார். ஆனால் திண்ணை காலியாக இருந்ததில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதம், பாஸ்போர்ட் படிவம், இன்சூரன்ஸ் மறுப்பு, கோர்ட் நோட்டீஸ் என்று யாராவது ஒரு காகிதத்தை மடித்து எடுத்து வருவார்கள். முக்கியமாக வெளிநாட்டு வேலை ஒப்பந்தம்.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அவரிடம் படித்த பையன் ஒருவன் நாலு பக்க ஒப்பந்தத்தோடு வந்தான். ஏஜென்ட் மறுநாள் கையெழுத்துக் கேட்டிருந்தார். சார் படித்துச் சொல்லவில்லை. அவனையே வாசிக்கச் சொன்னார். தட்டுத் தடுமாறி வாசித்தான். தங்குமிடம் பற்றிய வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, 'சம்பளத்துக்கு என்ன போட்டிருக்கு?' என்று கேட்டார். 'ஷல் பி பெய்ட்' என்று இருந்தது. 'தங்குறதுக்கு?' 'மே பி ப்ரொவைடட்' என்று வாசித்தான். சார் ஒன்றும் சொல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், வகுப்பில் வேப்பமரத்தைப் பார்க்கிற மாதிரியே. பையன் திரும்பவும் அந்த இரண்டு வரியையும் வாசித்தான். 'சார், அப்ப வீடு குடுத்தாலும் குடுப்பான், குடுக்காட்டியும் கேக்க முடியாதா?' என்றான். 'போய் ஏஜென்ட்கிட்ட அதை மாத்தி எழுதித் தரச் சொல்லு. மாட்டேன்னா வாடகை எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுக்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு' என்றார். போகாதே என்று யாரிடமும் சொன்னதில்லை. போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி இரண்டு வருஷம் கண் சரியில்லை. அப்போது காகிதங்கள் வாட்ஸ்அப்பில் படமாக வர ஆரம்பித்திருந்தன. பேத்தி பெரிதாக்கிக் காட்டுவாள், இவர் போனில் பேசுவார். எதிர்முனையில் குவைத்திலோ கத்தாரிலோ ஒருவன் நின்றுகொண்டிருப்பான். 'மூணாவது பாரால ரெண்டாவது வரி, நீயே வாசி' என்று குரல் மட்டும் திண்ணையிலிருந்து தெருவரை கேட்கும்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு அப்படி ஓர் ஒப்பந்தத்தைப் பெயர்களை அழித்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டு போனேன். பாடத்திட்டத்தில் இல்லை. கேட்டால் படிவம் நிரப்புதல் என்று பாடக்குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளைகள் முதலில் தேடியது சம்பளம் எழுதியிருந்த இடத்தை. அடுத்து லீவு. 'ஷல்', 'மே' இரண்டையும் வேறு வேறு கலரில் வட்டம் போடச் சொன்னேன். 'மே' வட்டம்தான் அதிகம். மேட்டூர் நிலவரத்தையே தூக்கக் கலக்கத்தில் வாசிக்கிற ஒருவன், கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து, 'டீச்சர், வொர்க்கர் சிக்னேச்சர்னு கோடு போட்டிருக்கு. முதலாளிக்குக் கோடே போடலையே, அவரு கையெழுத்துப் போட வேண்டாமா?' என்றான். வகுப்பு மொத்தமும் கடைசிப் பக்கத்துக்குத் தாவியது. நான் அதுவரை கவனிக்காத விஷயம் அது. அந்த பீரியட் முடிகிற வரை நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், எஸ் எல்லாம் பறந்துகொண்டிருந்தது.